தனித் தம்ளர்

கேட்டின் கொக்கியை உள்பக்கமாக மாட்டிவிட்டு வந்த தம்பி மனைவி, "அந்த ஆளு உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றாள்.

வெளியே பைண்டர் நின்றிருந்தார். ஒரே அச்சகத்தில் பதினாறு வருடம், தம்பி மிஷினில், அவர் பைண்டிங்கில். இருமல் வந்தபோதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பத்து வருஷமா இதே இருமல். அந்த ஆளுதான் ஒட்டவச்சிருக்காரு அண்ணி. ஒரு டீயை வாங்கி ரெண்டா ஊத்திக் குடிப்பாங்களே."

அக்கா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்திருந்தது. காசநோய், கூடவே சர்க்கரை. வயது நாற்பத்திரண்டு. யாரோ முகத்தை மழித்துவிட்டிருந்தார்கள். சதையெல்லாம் போய், அவனுடைய ஆறு வயது முகம் திரும்ப வந்திருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அந்த வயதில் அவளை விட்டு நகராததால் வீட்டில் அவன் பெயர் வால். அவளுக்குப் பதினைந்து. அந்த வருடம் முழுக்க அவளுக்கு இருமல். அம்மா அவளுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கினாள். தம்ளரின் அடியில் ஆணியால் கீறிய ஒரு பெருக்கல் குறி. வால் அதைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். மிட்டாயைக்கூடச் சட்டைத்துணிக்குள் வைத்துக் காக்காக்கடி கடித்துத்தான் அவனுக்குக் கொடுப்பாள். எச்சில் படவில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி.

பிறகு, குளிர் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தி, இரண்டு பேரையும் ஒரே அறையில் படுக்க வைப்பாள் அம்மா.

போர்வைக்குள் டார்ச் அடித்துப் படக்கதை படிப்பார்கள். அவள் வாசிப்பாள். நடுவில் இருமுவாள். வால் அவள் முகத்தோடு முகம் வைத்து எண்ணுவான். "அம்பது வந்தா நான் ஜெயிச்சேன்!" அவன் ஜெயிக்கட்டுமே என்று சில நாள் பொய்யாகவும் இருமியிருக்கிறாள்.

மாத்திரையில் அவள் தேறிவிட்டாள். ஆய்வகப் படிப்பு படித்தாள். ஊரார் சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கிருமி தேடுவதே பிழைப்பானது. சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. இந்தக் கிருமிக்குத் தம்ளர் வேண்டாம், மூச்சு போதும். உள்ளே போனதும் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டும். சுவருக்குள் அது சாகாமல் முப்பது வருடம்கூடத் தூங்கும். சர்க்கரை மாதிரி ஏதாவது வந்து சுவர் இடிந்தால் எழுந்துகொள்ளும்.

அன்றே தம்பியைக் கூட்டிப்போய்ச் சோதித்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டாள்.

போன மாதம் வார்டில் அவனே பேச்சை எடுத்தான். "சின்ன வயசுல நீ குடுத்த பேனா, கோலிகுண்டு எல்லாத்தையும் தொலைச்சுட்டேன்க்கா. இது ஒண்ணைத்தான் பத்திரமா வச்சிருந்தேன்."

"வாயை மூடுடா வாலு."

சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நீடித்தது. இருவரும் எண்ணவில்லை.

வெளியே பைண்டர் மறுபடி இருமினார்.

"கொக்கியை எடும்மா" என்றாள் அக்கா. "அவர் சளியை மூணு தடவை நானே பார்த்திருக்கேன். ஒண்ணும் இல்ல. அது சிகரெட் இருமல்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பைண்டருக்கு அது போதும்.

"அப்ப எங்கேர்ந்து வந்துச்சு அண்ணி?"

"எங்கிட்டேர்ந்துதான்னு நினைக்கிறேன். எனக்குப் பதினஞ்சு வயசுல இருந்துச்சு. ஒரே ரூம்ல படுத்தோம். அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வேற யாரையும் எனக்குத் தோணல."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட மூச்சு விடலையே மனுஷன்."

எழுந்து போனாள். கொக்கி கழலும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மூலையில் நின்ற ஏழு வயது மகளை இழுத்துத் தனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார வைத்தாள்.

"பாப்பாவுக்கு எப்ப டெஸ்ட் பார்க்கணும்?"

"நாளைக்கே. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நானும் வர்றேன்."

பைண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தம்பியின் காலடியில் குனிந்து, போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் விளிம்பை, வெட்டப்போகும் காகிதக் கட்டை நேராக்குவதுபோல, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார்.