கொதிக்க வைத்தது யார்?

மூன்றாவது முறையும் டெக்னீஷியனின் கையிலிருந்த சோதனைப் படலம் வெறிச்சென்று இருந்தது. ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் போதும். மூளைச் செல்கள் வெளியே விட்ட டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதம் எலி மூளைச் சாற்றில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடியின் வேலை. அது ஒட்டவே இல்லை.

பேராசிரியர் படலத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"ஆன்டிபாடிய ஃப்ரிட்ஜுக்கு வெளியே வெச்சுக் கெடுத்துட்டீங்கம்மா."

"ஐஸ்லதான் சார் வெச்சிருந்தேன்."

"அப்ப கோடு எங்க? பறந்து போச்சா?"

ஆய்வகப் பதிவேட்டில் 'டெக்னீஷியனின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவளுடைய வேலையை நீட்டிப்பதா என்று அடுத்த வாரம் கமிட்டி கூடுகிறது. அவர்கள் புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். பதினோரு வருஷம் இந்த மேசையில் முதுகொடிய உழைத்தவள் அவள்.

மைக்ரோஸ்கோப் அறைத் தோழியிடம் போய்ப் புலம்பினாள்.

"கெட்டுப்போச்சா? எவன்டி சொன்னான்? அதே குப்பிலேர்ந்து நேத்துதான் எடுத்தேன். வந்து பாரு."

மெல்லிசாகச் சீவிய எலி மூளை, ஆன்டிபாடி ஒட்டிய இடமெல்லாம் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. அதே குப்பி, அதே எலி. இவளுக்கு மட்டும் எப்படி?

"நீ கொதிக்க வெச்சியா?"

"மூளைய எதுக்குடி கொதிக்க வைக்கணும்? சூப்பா போடறேன்?"

சுரீரென்றது. பேராசிரியர் கைப்பட எழுதிய செய்முறைத் தாளில் எல்லாப் புரதத்துக்கும் ஒரே சட்டம்: ஐந்து நிமிடம் கொதிக்க வை. இந்தப் புரதமோ செல்லின் சவ்வுக்குள்ளே வளைந்து வளைந்து புதைந்து கிடப்பது. சூடு பட்டால் கட்டிதட்டி, புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லுக்குள் இறங்காமல் உச்சியிலேயே உட்கார்ந்துவிடும். படலத்தில் ஒற்றும் முன் அந்த உச்சியை வெட்டி எறியச் சொன்னதும் அதே தாள்தான். மூன்று முறையும் புரதத்தைக் குப்பைக்கூடைக்கு அனுப்பிவிட்டு, பழியை அவள் தலையில் போட்டிருக்கிறார்!

சோதனையை மறுபடி ஓட்டினாள். பாதியைக் கொதிக்க வைத்தாள், பாதியை வைக்கவில்லை. மறுநாள் கொதிக்காத பக்கத்தில் மட்டும் கோடுகள் கன்னங்கரேலென்று விழுந்திருந்தன.

"பாத்தீங்களா! நல்ல ஆன்டிபாடின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் பேராசிரியர்.

"அப்புறம் ஏன் சார் நான் கெடுத்துட்டேன்னு எழுதினீங்க?"

"அத விடுங்கம்மா. வேலை நடந்துருச்சில்ல?"

அவள் விடவில்லை. பதிவேட்டை விரித்து அவர் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"தப்பா எழுதினா அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடிச்சுக் கையெழுத்துப் போடணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்."

அடித்தார். கையெழுத்துப் போட்டார். மூடப் போனவரின் கைக்குக் குறுக்கே தன் கையை வைத்தாள்.

"காரணம்?"

"என்ன காரணம்?"

"கொதிக்க வெச்சதுதான் தப்புன்னு. அது யாரோட செய்முறைன்னும்."

வாசலில் தோழி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பேராசிரியர் தொண்டையைச் செருமிவிட்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி ஓரத்தில் எழுதினார்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்," என்றாள் அவள். "கமிட்டில எல்லாருக்கும் கண்ணாடி."