முன்சக்கரம் இழுக்கும்

மாமனார் என் மனைவியின் காருக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டார். கார் முழங்கை நீளம்தான். ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார். கூடத்தில் அவள் படத்துக்குக் கீழே வைப்பதற்காக அளவெடுக்கும்போது, "நாலு பக்கமும் இடம் விட்டுச் செய்யுங்க, மூச்சு முட்டக் கூடாது" என்று தச்சரிடம் சொன்னாராம்.

அவள் இருந்தவரை அவர் அதைக் கார் என்று சொன்னதில்லை. பொம்மை என்பார். "கல்யாணம் ஆகியும் பொம்மை விளையாட்டு போகல பாருங்க" என்று என்னிடமே குறைப்படுவார், வந்த இடத்தில்தான் கெட்டுப்போனாள் என்பதுபோல. அந்தப் பொம்மைக்கு நான் மெக்கானிக். அவள் ஓட்டுவாள், நான் கழற்றி மாட்டுவேன். கல்லூரியில் படித்தது வேறு. இந்தக் கார்களை ஓட்டும் கிளப்பில் அதை யாரும் விசாரித்ததில்லை. அங்கே எனக்கு மெக்கானிக் என்றே பெயர்.

அவள் திடீரென்று போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் காரணம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன்.

கிளப்பை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். அவள் நினைவாக ஒரு போட்டி வைக்கப்போவதாகவும், அவள் காரை நான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

"நான் ஓட்டினதே இல்ல டாக்டர்."

"நீங்க ஓட்டுறதப் பாத்திருக்கேனே. ஆனா நீங்க சொல்றது சரிதான், அத ஓட்டுறதுன்னு சொல்ல முடியாது."

"அப்புறம் ஏன் கூப்பிடுறீங்க?"

"வலிக்காது, வாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன். வந்து உக்காரத்தானே செய்யிறாங்க."

மாமனாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நேரில் போனேன். பெட்டி வந்துவிட்டிருந்தது. மூடியைத் திறந்து மூடிக் காட்டினார்.

"ஓட்டினா உடையுமா?"

"உடையலாம் மாமா."

"ஓட்டாம வெச்சா?"

"ரப்பர் காஞ்சுபோகும். எண்ணெய் கசியும்."

மூடியை இன்னொரு முறை திறந்து மூடினார். "சரி மாப்ள, ஒண்ணு பண்ணுவோம். முழுசா வந்தா நீங்களே வெச்சுக்குங்க. உடைஞ்சா எனக்குக் குடுத்துடணும்."

முழுசாக இருந்தால் உடைவதற்கு என்னிடம். உடைந்துவிட்டால் பத்திரமாக இருக்க அவரிடம். இதில் எங்கோ கணக்கு இடித்தது. வாதாடத் தெம்பில்லை. கார் என்னிடம் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. ஏன் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்துக் காரைப் பிரித்தேன். இந்த வகைக் காரில் முன்சக்கரங்கள்தான் எல்லாம். இழுப்பதும் அவை, திரும்புவதும் அவை. பின்சக்கரங்கள் கூடவே வரும், அவ்வளவுதான். அதனால் முன் டயர் தேய்ந்துகொண்டே போகும், பின் டயர் வாங்கிய மேனிக்கு இருக்கும். சும்மாவும் இருக்காது. வளைவில் தரையை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திரும்பவிடாமல் அடம் பிடிக்கும். ஆகவே பின் டயரின் ஓரத்தில் பசை பூசிக் காயவைத்து அதை வழுக்க வைப்போம். பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவோம். சும்மா இருப்பவரை ஒழுங்காகச் சும்மா இருக்க வைக்கும் வேலை. மெக்கானிக்கின் பாதி நேரம் இதில் போகும்.

முன் டயர் இரண்டையும் மாற்றினேன். முன் கியர் பெட்டியைத் திறந்து பழைய எண்ணெயை வடித்துவிட்டுத் தேன்போலக் கெட்டியான புது எண்ணெயை ஊற்றினேன். வலது முன் அச்சில் நூல் சுற்றியிருந்தது. ஓடுதளம் முழுக்க விரிப்பு என்பதால் அதன் நூல் எப்போதும் சிக்கும். இடுக்கியால் இழுத்தேன். நூலோடு முடியும் வந்தது. நீளமான முடி. என் தலை ஒட்ட வெட்டியது. டாக்டர் வழுக்கை.

அதை ஸ்க்ரூ டப்பாவில் போட்டு மூடினேன். வேறு எங்கே போடுவதென்று தெரியவில்லை. பிறகு இடது பக்கத்தைச் சுத்தம் செய்தேன்.

எனக்கு ஓட்டக் கற்றுத்தர அவள் முயன்றிருக்கிறாள். வளைவில் இந்தக் காரின் பின்பக்கம் வெளியே வீசும். உடனே ரிமோட்டின் வேக விசையிலிருந்து விரலை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். எடுத்தால் வண்டி சுழன்றுவிடும். மாறாக அழுத்த வேண்டும். அழுத்தினால் முன்சக்கரங்கள் இழுத்து நேராக்கிவிடும். "பயந்தா விடாத, அழுத்து" என்பாள். நான் ஒவ்வொரு முறையும் விட்டேன். கார் ஒவ்வொரு முறையும் ஓரப் பலகையில் போய் மோதியது. "உன் கைக்கு ஸ்பேனர்தான் லாயக்கு" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

போட்டி நடந்தது ஒரு பழைய கிடங்கில். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். தன் வண்டியின் பின் இருக்கையில் அதை உட்காரவைத்து பெல்ட் மாட்டியிருந்தார்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல மாப்ள. எதுக்கும் இருக்கட்டும்னு."

ஓட்டுபவர்கள் மேடையில் வரிசையாக நின்றோம். விசில் ஊதியதும் கார்கள் பாய்ந்தன. முதல் சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியபோது ஒலிபெருக்கி என் மனைவியின் பெயரைச் சொன்னது.

ஒவ்வொரு காரிலும் ஒரு சிப் இருக்கும். கார் கோட்டைத் தாண்டினால் கம்ப்யூட்டர் அந்த சிப்புக்குரிய பெயரையும் சுற்றின் நேரத்தையும் வாசிக்கும். போட்டிப் பலகையில் டாக்டர் என் பெயரை எழுதியிருந்தார். கம்ப்யூட்டருக்குப் பலகை தெரியாது. சிப் அவளுடையது. அது யாருக்கும் நினைவில் இல்லை, எனக்கும்தான்.

டாக்டர் கீபோர்டின் மேல் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "மாத்திடட்டுமா?"

"வேணாம்."

அடுத்த சுற்றின் முதல் வளைவில் பின்பக்கம் வீசியது. அழுத்தினேன். நேராக வந்தது. அடுத்ததிலும் வீசியது, அழுத்தினேன். பயம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்குத் தைரியம் காரணமல்ல. பல மாதங்களாக எனக்கு எதுவுமே வரவில்லை, அதில் பயமும் சேர்த்தி. இந்த வகைக் காருக்கு மரத்துப்போனவன்தான் சரியான ஓட்டுநர் போலும்.

"என்ன மெக்கானிக், இத்தனை நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர் மைக்கில்.

இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டேன். இடத்தைப் பற்றி நான் நினைக்கவில்லை. வேகமாகச் சுற்றினால் பெயரைச் சீக்கிரம் சொல்லும். வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடும் குரல்தான். இருந்தாலும் சொன்னது.

மாமனார் முதலில் ஒலிபெருக்கியைத் தேடி அண்ணாந்து பார்த்தார். பிறகு பார்வை காருக்கு இறங்கியது. அது போகும் பக்கமெல்லாம் அவர் தலையும் போனது. கடைசிச் சுற்றில் அவர் நின்ற வளைவுக்குக் கார் வந்தது, பின்பக்கம் வீசியது. அவர் ஓரப் பலகையின் மேல் குனிந்தார்.

"பாத்தும்மா" என்றார். "மெதுவா போம்மா."

சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. என் விரல் விசையை விட்டுவிட்டது.

கார் ஒரு சுழல் சுழன்று பலகையில் அடித்தது. பின்சக்கரம் ஒன்று, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்து, தனியாக உருண்டு அவர் செருப்பில் முட்டி நின்றது. கவிழும் கார்களை எடுத்துவிட ஓரத்தில் நின்ற கிளப்காரர் ஒருவர் காரைத் தூக்கக் குனிந்தார்.

"தூக்காதீங்க" என்றேன்.

அழுத்தினேன். பின்னால் சக்கரம் இருக்கிறதா இல்லையா என்பது முன்சக்கரங்களுக்குத் தெரியாது. அவை இழுத்தன. வால் விரிப்பில் தேய, மற்ற எல்லோரும் முடித்துவிட்ட பிறகு, கார் கோட்டைத் தாண்டியது. ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லி, கிளப்பில் யாரும் இதுவரை எட்டாத மோசமான நேரம் ஒன்றை அதே குரலில் வாசித்தது. சிலர் கைதட்டினார்கள்.

மாமனார் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கிடங்கில் எனக்கு ஒதுக்கியிருந்த மேசைக்கு வந்தார்.

"உடைஞ்சிருச்சு" என்றார்.

"ஆமா மாமா. பேசினபடி எடுத்துக்குங்க." காரை அவர் பக்கம் நகர்த்தினேன். கை அதை உடனே விடவில்லை.

அவர் காரைத் தொடவில்லை. "பெட்டியில வெச்சா அது பேர் சொல்லுமா?"

"சொல்லாது. கோட்டத் தாண்டினாத்தான்."

சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். "உடைஞ்சது எனக்குன்னுதானே பேச்சு?"

"ஆமா."

"மிச்சம் ஓடுச்சே."

"ஓடுச்சு."

"அப்ப உடைஞ்சது இதுதான்." சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்கு வேற கிடைக்குமா?"

"வீட்டுல நிறைய இருக்கு மாமா. பின்சக்கரம் தேயாது."

"அடுத்தது எப்ப?"

"அடுத்த மாசம்."

"வரேன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வெளியே அவர் பெட்டியைத் திறந்து சக்கரத்தை நடுவில் வைப்பதையும், மறுபடி பெல்ட் மாட்டி இழுத்துப் பார்ப்பதையும் ஜன்னல் வழியே பார்த்தேன். நாலு பக்கமும் இடம் தாராளமாக இருந்தது.

முறிந்த பிளாஸ்டிக் கைக்குப் பதில் புதியதைப் பொருத்த ஸ்க்ரூ தேவைப்பட்டது. டப்பாவைத் திறந்தேன். முடியை ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் நேரம் பிடித்தது.