உள்ளது உள்ளபடி

பண்டாரவளை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் மர்ஸூக் ஹாஜியாரிடம், தான் கேட்ட விலைக்கே ஒரு பொருளை விற்றுவிட்டுப் போன ஆள் கிடையாது. பூனாகலை ரோட்டு வீட்டையும் அப்படித்தான் வாங்கினார். அது தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கராக இருந்து காலமான நல்லையாவின் வீடு. விலையை அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகும் மனம் ஆறாமல், உள்ளே இருப்பதெல்லாம் உள்ளது உள்ளபடி தனக்குத்தான் என்று ஒரு கொசுறு போட்டார்.

நல்லையாவின் மனைவி விஜயலெட்சுமி அவரை ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

"எல்லாமேங்களா, மொதலாளி?"

அலுமாரியையும் சாய்வு நாற்காலியையும் கண்ணால் எடைபோட்டுக்கொண்டிருந்தவர், "எல்லாமே" என்றார்.

பதுளை ஆஸ்பத்திரியில் மகள் இஸ்ரா குறைமாதத்தில் பிள்ளை பெற்றிருந்தாள். கூதல் காற்றுப் பட்டால் பிள்ளையின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைக்கு மேலே இருந்த வீட்டிலோ துணித் தூசி. அதனால்தான் இந்த வீடே.

மார்கழிப் பனிமூட்டம் முற்றத்துக்கே வந்துவிட்டது. ஹாஜியார் கூரைத் தகரத்தை இறுக்கினார், ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பட்டி வைத்தார். கணப்பு இருந்த முன்னறையில் ஜன்னல் இடுக்குகள்தான் பாக்கி. அடைக்கக் கம்பளி வேண்டும். கடையில் கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஆனால் விற்கிற சரக்கில் கத்தரிக்கோல் வைக்க மனம் வருமா? அலுமாரியில் கிடந்த நல்லையாவின் பழைய கம்பளியைக் கீலம் கீலமாக வெட்டித் திருப்புளி முனையால் திணித்தார்.

மறுநாள் காலையில் கீலங்கள் அத்தனையும் சாய்வு நாற்காலியில் கிடந்தன. வெட்டிய வரிசை மாறாமல், ஓரத்தோடு ஓரம் பொருத்தி, முழுக் கம்பளி போல. பேசினால் வாயில் புகை வரும் அளவுக்கு அறை குளிர்ந்திருந்தது.

மனைவி றஷீதாவைக் கடிந்துகொண்டார். அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லையாம். உள்ளே யாரோ இருமுவது கேட்கிறதாம். காற்றுதான் என்றார் ஹாஜியார். ஆனால் காற்றுக்கு இவ்வளவு பொருத்தி அடுக்கத் தெரியுமா என்று அவருக்கே சந்தேகம். திரும்பவும் திணித்தார். அடுத்த காலையும் அதே கதைதான்.

விஜயலெட்சுமிக்குப் போன் போட்டார். அவள் விசாரித்தது கம்பளியை மட்டுந்தான். வெட்டியதை ஹாஜியார் சொன்னார்.

"அவருக்குக் கூதல் தாங்காதுங்க, மொதலாளி. நீங்கதானே எல்லாமேன்னு சொன்னீங்க."

ஹாஜியார் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல கம்பளியை எடுத்துவந்து நாற்காலியில் விரித்தார். வாடிக்கையாளரிடம் பேசும் குரல்தான் வந்தது.

"கிளாக்கரய்யா, பழசுக்குப் பதிலா இத வெச்சிக்கோங்க. நாளைக்கு எங்கட பிள்ள வருது."

மறுநாள் கீலங்கள் ஜன்னல் இடுக்குகளில் இருந்தன. எந்தத் திருப்புளியாலும் அத்தனை ஆழத்துக்குத் திணிக்க முடியாது. அறை, பேக்கரிச் சுவர் போல வெதுவெதுப்பாக இருந்தது.

பகலில் பிள்ளை வந்தது. தொட்டிலில் கிடத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஹாஜியாரும் இஸ்ராவும் திரும்பி வந்தபோது, புதுக் கம்பளி நாலாக மடிந்து பிள்ளையின் காலடியைப் போர்த்தியிருந்தது.

"வாப்பா, நீங்களா போத்தின?"

கணப்போரம் அவர் போட்டுவைத்த நாற்காலி இப்போது தொட்டிலோடு ஒட்டி நின்றது. அதன் துணி, ஆள் கனத்தில் தொய்ந்திருந்தது. பிள்ளை சீராக மூச்சு விட்டது. அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு மூச்சு, சளி கரகரக்க, பதறாமல் வந்துகொண்டிருந்தது.

கிளாக்கரோடு பேரம் பேச ஹாஜியார் வாயெடுத்தார். 'எல்லாமே' என்று தான் சொன்ன சொல்லே குறுக்கே வந்து நின்றது.

"ஓம் மகள், நான்தான்" என்றார்.

பிறகு, கூதல் நுழையாமல் கதவைச் சாத்தினார். சாத்தப் போகிறபோது, கால் நாற்காலியில் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.