துண்டு கட்டிய கண்ணாடி

“இன்னும் கொஞ்சம்... வாங்கண்ணே, வாங்க... ஐயோ போதும், போதும்!”

ஹாரன் என்கிற டிரைவர் கீழே நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தியதும் சீல்காரர் பிரேக்கை அழுத்தினார். வலது முட்டியில் சுளீரென்றது. நாற்பதடி காலிக் கன்டெய்னரைச் சுமந்த டிரெய்லர் மின்கம்பத்துக்கு நூலளவு இடம் விட்டு நின்றது. பெட்டியை இறக்காமலே நேற்று ராத்திரி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த அது தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் அமரர் ஊர்தி முனையிலேயே அரைமணி நேரமாகக் காத்துக் கிடந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் வரிசையில் நின்றே காலத்தைக் கழித்த அவர் தம்பி, கடைசி வண்டிக்கும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

டிரைவர் இருக்கை ரொம்பப் பின்னால் தள்ளியிருந்தது. தம்பி நெட்டை. சீல்காரருக்கு நுனியில் உட்கார்ந்தால்தான் பெடல் எட்டியது. கீழே ஒரு கம்பியை இழுத்தால் இருக்கை முன்னால் வந்துவிடும். அதை இழுக்க அவருக்குக் கை வரவில்லை. நேற்று மதியம் இதே இருக்கையில்தான் தம்பி செத்துப்போனான்.

ஹாரன் என்பது அந்த டிரைவருக்குக் கன்டெய்னர் யார்டில் விழுந்த பெயர். முன்னால் நிற்கும் வண்டி நகர அரை நிமிஷம் தாமதித்தாலும் ஊரையே எழுப்பிவிடும் ஆள். சீல்காரர் என்ற பெயரும் அங்கே விழுந்ததுதான். யார்டின் கேட் ஜன்னலில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து, வருகிற சீட்டுக்கும் போகிற சீட்டுக்கும் சீல் அடிக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அதற்கு முன் அவரும் லாரி ஓட்டியவர்தான். முட்டி தேய்ந்ததும் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சட்டைப் பையில் தம்பியின் போன் அடித்தது. காலையிலிருந்து மூன்றாவது தடவை.

“சார், கப்பல் கம்பெனி ஏஜென்ட் பேசறேன். அந்தக் காலிப் பெட்டி இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள யார்டுக்குத் திரும்பணும். இல்லேன்னா நாளைலேருந்து நாள் வாடகை விழும்.”

“டிரைவர் இறந்துட்டார்ங்க.”

“அடடா.” நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. “சரி சார், அப்ப வேற டிரைவர் போட்டு அனுப்பிடுங்க.”

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த சீல்காரர் பக்கத்தில் ஹாரன் வந்து நின்றான். கண் ரெண்டும் வீங்கியிருந்தன.

“அண்ணே, மனசு கேக்கலண்ணே. துண்டக் கட்டினவன் நான்தானே. கண்ணாடில முடிச்சப் போட்டுட்டு அப்படியே வந்துட்டேன். ஒரு எட்டு மூஞ்சியப் பாத்திருக்கலாம்.”

“கட்டச் சொன்னவன் நான்டா.”

“என் பொழப்பே ஹாரன் அடிக்கிறது. நேத்து ஒருநாள் அடிக்காம இருந்தேன் பாருங்க.”

சீல்காரர் குழாயை மூடினார். மூடிய பிறகும் அதைத் திருகிக்கொண்டே நின்றார்.

யார்டு வரிசையில் அப்படி ஒரு பழக்கம். யார் போட்ட சட்டமும் இல்லை, டிரைவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டது. விடிய விடிய ஓட்டி வந்தவன் வரிசையிலேயே கண் அயர்ந்துவிட்டால் எழுப்ப மாட்டார்கள். அவன் வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு முன்னால் போவார்கள். முழித்ததும் அவன் நேராக ஜன்னலுக்கு வரலாம். துண்டு இருந்தால் முறை போகாது.

நேற்று சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஜன்னலைத் திறந்தபோது தம்பி வண்டி ஏழாவதாக நின்றது. முன்னால் ஆறு வண்டி போன பிறகும் அது நகரவில்லை. பின்னால் இருந்த ஹாரன் இறங்கி வந்து, “உங்க தம்பி ஸ்டியரிங்ல சாஞ்சு தூங்குறார்ணே, எழுப்பட்டுமா?” என்று கேட்டான். சீல்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ராத்திரி பூரா ஓட்டினவன். தூங்கட்டும் விடு. துண்டக் கட்டிட்டு நீ வா” என்றார். சொல்லிவிட்டு ஹாரனின் சீட்டுக்கு சீல் அடித்தார். அதன் பிறகு முப்பத்தோரு வண்டிக்கு அடித்தார். மூன்றரை மணிக்கு டீ குடிக்க எழுந்தபோதுதான், தம்பிக்கும் ஒரு கிளாஸ் கொடுப்போம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணிக்கே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். எழுப்பியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொன்னார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு மணிக்குத்தான் சீல்காரர் ‘உணவு இடைவேளை’ அட்டையை ஜன்னலில் மாட்டினார், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல்.

“மாமா.”

தம்பி மனைவி கதவோரம் நின்றாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். எந்த நேரத்திலும் பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “உள்ள வாங்க. எங்கண்ணன் ஒரு பேச்சு எடுக்கிறார். நீங்க இருந்தாத்தான் சரியா இருக்கும்.”

அவளுடைய அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குப் பேசற பேச்சில்லதான். ஆனா வண்டி சும்மா நிக்கக்கூடாது பாருங்க. டிரைவர் ஒருத்தரப் போட்டு ஓட்டலாம்னு நினைக்கிறேன். எட்டுத் தவணைதான் பாக்கியாம். அப்புறம் வர்றதெல்லாம் லாபந்தானே? மேற்கொண்டு ஆகற செலவுக்கு நான் பணம் போடறேன்.”

“உன் பணம் கெடக்கட்டும்” என்றாள் அவள். சீல்காரர் பக்கம் திரும்பினாள். “வண்டிய வாங்கச் சொன்னது நீங்க. உள்ள இருந்து எல்லாத்தையும் பாக்கறவர் நீங்க. பெட்டி ஓட்டுறதுல மிச்சம் இருக்கா, இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். பொண்ணு காலேஜுக்கு வச்சிருக்கிறத நான் இதுல போடப்போறேன். நீங்க ஓட்டுன்னா ஓட்டறேன். வித்துடுன்னா விக்கிறேன்.”

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இல்லை’ என்று சொன்னால், ஆறு வருஷத்துக்கு முன் ஏன் வாங்கச் சொன்னீர்கள் என்பாள். கேட்காவிட்டாலும் நினைப்பாள்.

“பெட்டிய இறக்கிட்டு வந்து சொல்றேம்மா” என்றார்.

“நான் கொண்டு போறேண்ணே, நீங்க இருங்க” என்று ஹாரன் சாவிக்குக் கை நீட்டினான். சீல்காரர் கொடுக்கவில்லை. ஹாரன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

யார்டு கேட்டுக்கு வெளியே வரிசை வளைந்து, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நின்றது. வாட்ச்மேன் டோக்கன் கொடுக்க ஓடி வந்து, வண்டிக்குள் யார் என்று பார்த்துத் திகைத்துப்போனான்.

“அண்ணே, நீங்களா? நீங்க எதுக்கு வரிசைல நிக்கணும்? அப்படியே ஓரமா வாங்க, உள்ள விட்டுடறேன்.”

“டோக்கனக் குடுப்பா.”

அவன் நேரம் எழுதிக் கொடுத்தான். பன்னிரண்டு பத்து. அதைச் செருகி வைக்க வெயில் மறைப்பை இறக்கினார் சீல்காரர். அங்கே, கண்ணாடித்தாள் ஒட்டிப் பத்திரமாக வைத்த ஒரு காகிதம் இருந்தது. எழுத்து அவருடையதேதான்.

வண்டி வாங்குவதற்கு முந்தின ராத்திரி அவர் போட்டுக் கொடுத்த கணக்கு. அப்போது தம்பி ஒரு கம்பெனியில் மாசச் சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ரயிலிலும் கப்பலிலும் பெட்டிகள் மலையாக வந்து குவிகின்றன, சொந்த வண்டிக்காரன் பாடு ராஜா பாடு என்று இவர்தான் ஏற்றிவிட்டார். ஒரு நடைக்கு வாடகை இவ்வளவு. அதில் டீசல், டயர், சுங்கம், தவணை போக மிச்சம் இவ்வளவு. ஒரு நாளைக்கு இரண்டு நடை. மாசத்துக்கு ஐம்பது நடை. அடியில் இரட்டைக் கோடு போட்டுத் தொகையை வட்டமிட்டிருந்தார்.

ஐம்பது நடை எந்த மாசமும் ஓடியதில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, நல்ல மாசமாக இருந்தால் இருபத்தைந்து. நடைக்குத்தான் கூலி, நிற்பதற்கு யாரும் ஒரு காசு கொடுப்பதில்லை. சரக்கை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பி வருகிற தூரத்துக்கும் இல்லை. இதெல்லாம் சீல்காரருக்குத் தெரியாத விஷயமா என்ன? வரிசையில் சேர்ந்த நேரம் சீட்டின் மேல் இருக்கும். வெளியே போகிற நேரத்தைக் கீழே இவரே அடிப்பார். பதினெட்டு வருஷமாக ஒரே சீட்டில் இரண்டு நேரத்தையும் பார்த்தவர், ஒரு தடவைகூட ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி ஓடியது. நேரமும் வேகமாகத்தான் ஓடியது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். காலைத் தொங்கப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி விரலை மடக்கிக்கொண்டே பேசினான். “அண்ணே, பஸ் கம்பெனில ஆள் எடுக்கிறாங்க. மாசச் சம்பளம், வாரம் ஒரு லீவு. வண்டியக் குடுத்துட்டுப் போயிடலாமான்னு பாக்கறேன்.”

“கரை கண்ணுக்குத் தெரியறப்ப படகுல இருந்து குதிக்கிறேங்கிறியே! இன்னும் எட்டுத் தவணைடா. பல்லக் கடிச்சிட்டு ஓட்டு.”

“சரிண்ணே” என்றான் அவன். காபி கூடக் குடிக்காமல் போனான். அந்தச் ‘சரிண்ணே’தான் கடைசி. அதன் பிறகு ஜன்னலில் இரண்டு தடவை சீட்டு நீட்டினான், இவர் சீல் அடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். வண்டியை விற்றால் தன் கணக்கு தப்பென்று ஆகிவிடும். பாழாய்ப் போன அந்த வீம்புதான் அன்றைக்குப் பேசியது. தம்பியின் நல்லதுக்காக இவர் வாயைத் திறக்கவே இல்லை.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. இவரும் நகர்ந்தார். இருக்கை நுனியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விண்ணென்று வலித்தது. பெட்டியின் தகரத்தில் வெயில் பட்டு, வண்டிக்குள் அடுப்படி மாதிரி காந்தியது. ஜன்னலுக்கு முன்னால் இன்னும் எட்டு வண்டி இருக்கும்போது மணி ஒன்றானது. உள்ளே இருந்து ஒரு கை நீண்டது. மாற்று ஆளின் கை. ‘உணவு இடைவேளை’ அட்டை மாட்டப்பட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அதைப் படிப்பது இதுதான் முதல் தடவை. தான் எழுதிய எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அவர் போனை எடுத்துத் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க மாமா. இறக்கியாச்சா?”

“இல்லம்மா, வரிசைல இருக்கேன். நீ கேட்டியே... வித்துடு. அதுல ஒண்ணும் இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. நான் போட்ட கணக்கு தப்பு. நிக்கிற நேரத்த நான் எழுதவே இல்ல.”

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“இன்னொண்ணும் இருக்கு. நேத்து அவன எழுப்பட்டுமான்னு கேட்டாங்க. தூங்கட்டும் விடுன்னு சொன்னவன் நான்தான். யாரோ சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது.”

அவள் போனோடு தள்ளிப் போவது கேட்டது.

“மாசக் கடைசியானா பணம் பத்தாது. நான் சத்தம் போடுவேன். அவர் அந்தக் காகிதத்த எடுத்து வச்சுக்கிட்டுப் பாப்பார் மாமா. ‘அண்ணன் கணக்கு தப்பாகாது. நான்தான் சரியா ஓட்டல போலிருக்கு’ம்பார். அதுக்கப்புறம்தான் ராத்திரியும் ஓட்ட ஆரம்பிச்சார்.”

சீல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், “பெட்டிய இறக்கிட்டு வாங்க. நீங்க காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். ரப்பர் கொதித்தது. தம்பியின் வியர்வை வாசம் அதில் இன்னும் இருந்தது. ‘தப்பு உன்மேல இல்லடா’ என்று வாய்விட்டே சொன்னார். கண்ணீர் மூக்கு நுனியில் திரண்டு மடியில் சொட்டியது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாரோ தெரியாது.

டொக் டொக் டொக் என்று கதவு அதிர்ந்தது.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். கீழே ஹாரன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு ஸ்பானர். முகம் வெளிறிப் போயிருந்தது.

“முழிச்சுதான் இருக்கீங்களா அண்ணே?”

“முழிச்சுதான் இருக்கேன்.”

“இல்ல... ஒவ்வொரு வண்டியா தட்டிப் பாத்துட்டு வரேன். கடைசி வண்டிலேருந்து. திட்றானுங்க. திட்டட்டும்.” அவன் முன்னால் நின்ற எட்டு வண்டிகளையும் பார்த்தான். அதில் மூன்றாவது வண்டியின் கண்ணாடியில் ஒரு நீலத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

சீல்காரர் கதவைத் திறந்தார். படியில் காலை வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். ஹாரனிடமிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டார். வெயிலில் ஒவ்வொரு வண்டியாகக் கடந்து, நீலத் துண்டு கட்டிய வண்டிக்குப் போய்க் கதவைத் தட்டினார். பதில் வரவில்லை. மறுபடியும், இன்னும் பலமாகத் தட்டினார்.

“யோவ், துண்டு கட்டியிருக்குல்ல, கண்ணு தெரியல?” என்று உள்ளே இருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் சீறியது.

“தெரியுதுப்பா” என்றார் சீல்காரர். “நீ தூங்கு.”

அடுத்த வண்டியை நோக்கி நொண்டி நொண்டி நடந்தார்.