வரிசை கலையாத சுவிட்சுகள்

குவாயாகில் நகரத்தில் டை கட்டியவனெல்லாம் எஞ்சினியர். ஒக்தாவியோ பாரெய்ரோ மெத்தை விற்கிறவர், அவரும் எஞ்சினியர்தான். குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவரான நாளிலிருந்து பூந்தொட்டி, குப்பைத்தொட்டி எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று ஊரை ஆட்டிவைத்தார். போன சனிக்கிழமை அவருடைய மாமியாரின் கார் வெளியே போகும்போது வாசல் தடுப்புக் கட்டை கார் மேலேயே விழுந்துவிட்டது. காவலாளி வில்தெர் கிமிதான் பொத்தானை அமுக்கினான் என்று முடிவு கட்டிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இன்று பழுது பார்க்க, கட்டையைப் பொருத்திய நிறுவனத்திலிருந்து நார்சிசா வந்திருந்தாள். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால், மாலைக்குள் வில்தெர் சீருடையைக் கழற்ற வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் அந்தச் சீருடைதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பெட்டியில ஒண்ணுமில்ல. இவன்தான் தூக்கத்துல அமுக்கிட்டான். அத மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ," என்றார் எஞ்சினியர்.

"தூங்குறவன் எப்படிய்யா பொத்தானத் தேடிப் பிடிச்சு அமுக்குவான்?" என்றாள் அவள், நிமிராமலே. வில்தெர் சிரிப்பை விழுங்கினான்.

காவலறையில் உள்ளே வரும் வழிக்கு ஒரு பெட்டி, வெளியே போகும் வழிக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் தரைக்குள் புதைத்த கம்பி வளையத்தோடு சேர்ந்தது. வளையத்தின் மேல் வண்டி நின்றால் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்வரை கட்டை இறங்காது.

நார்சிசா ஒரு ரொட்டி வேனை வெளிவழியில் நிறுத்தச் சொன்னாள். சிவப்பு எரிந்தது. அப்போது உள்வழியில் ஒரு டாக்சி வந்தது. அந்தப் பெட்டியிலும் சிவப்பு எரிய, வெளிவழி விளக்கு படபடத்து அணைந்தது. வேன் தலைக்கு மேல் கட்டை இறங்கத் தொடங்கியது. அவள் பாய்ந்து நிறுத்தினாள். வேன்காரன் யாருடைய அம்மாவையோ திட்டினான். நார்சிசா இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தாள்.

"ரெண்டு பெட்டியிலயும் அலைவரிசைய மாத்துற குட்டிச் சுவிட்செல்லாம் ஒரே மாதிரி கெடக்கு. ஒரே அலைவரிசையில ரெண்டும் கத்துனா ஒண்ண ஒண்ணு குழப்பத்தான் செய்யும். அதுக்குத்தான் ஒண்ண மாத்தி வச்சிருந்தோம். யாரு கைய வச்சது?"

வில்தெர் எஞ்சினியரைப் பார்த்தான். எஞ்சினியர் எதிரே இருந்த மாமரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை காலையில் பல்குச்சியால் அந்தச் சுவிட்சுகளை வரிசைப்படுத்தியது அவர்தான். வேண்டாம் என்று வில்தெர் தடுத்ததற்கு, "நீ எஞ்சினியரா?" என்று கேட்டவரும் அவர்தான்.

"கோணல்மாணலா இருந்துச்சு, நான்தான் ஒழுங்கு பண்ணேன்," என்றார் கடைசியில், ஏதோ கோயில் கட்டிக் கொடுத்தவர் மாதிரி.

நார்சிசா ஒரு சுவிட்சை நகர்த்தி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். பெட்டி ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு கொஞ்சம் சிமிட்டிவிட்டு நிலைத்தது. வேனையும் டாக்சியையும் திரும்ப நிறுத்திப் பார்த்தாள். இரண்டு சிவப்பும் ஆடாமல் எரிந்தன.

வில்தெருக்கு மூச்சு வந்தது. ஆனால் எஞ்சினியர் விடுவாரா?

"சரி, பெட்டியக் காக்குறது காவலாளி வேலைதானே? கண்டவன் தொடுறத இவன் ஏன் விட்டான்? அதுக்கே வேலைய விட்டுத் தூக்கலாம்."

நார்சிசா வாயைப் பிளந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைப் பார்த்திருக்கிறாள். இவர் அதைப் பரிமாறவும் செய்கிறார். வில்தெர் மேசை இழுப்பறையைத் திறந்து, புகார்த் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தான்.

"எழுதுங்கய்யா. கீழ நான் கையெழுத்துப் போடுறேன். பெட்டியத் தொட்ட அந்தக் கண்டவன் பேரு மட்டும் இந்தக் கட்டத்துல தெளிவா இருக்கணும். சங்கத்துல எல்லாரும் படிப்பாங்க."

எஞ்சினியர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை மடித்து, பேனாவோடு சேர்த்துச் சட்டைப் பையில் செருகினார்.

"போய் வேலையப் பாரு," என்றார்.

"பாக்குறேன். பேனா என்னோடதுய்யா," என்று வில்தெர் கையை நீட்டினான்.