ஏழாவது வரிசை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் சும்மா இருக்காது. சோலார் கம்பெனிக்காரர் எங்கள் வீட்டு மேசையில் நிலக் குத்தகைப் பாரத்தை விரித்து, "நிலத்துல கல்லறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று அடித்துச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இருக்கிறதென்றால் நிலத்தை எடுக்க மாட்டார்கள். கிணறு வற்றி மூன்று வருஷமாகிவிட்டது, நான் வேறு என்ன செய்ய?

எங்கள் மகள் அங்கேதான் கிடந்தாள். நாலு வயசில் காய்ச்சலில் போன பிள்ளை. கல் எதுவும் நடவில்லை. வரப்போர மரத்திலிருந்து பத்தடி, அவ்வளவுதான் அடையாளம்.

"குட்டிம்மா இருக்கிற இடத்தச் சொல்லிட்டீங்கல்ல?" என்றாள் மனைவி.

"சொல்லாம இருப்பேனா? நல்ல கேள்வி கேட்ட போ!"

வேலை தொடங்குமுன் ஒரு கல்லை நட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சோலார் பலகைமேல் நிழல் விழக் கூடாதாம். அவர்கள் சொன்ன தேதிக்கு முன்பே வந்து மரத்தை வேரோடு பிடுங்கி, வரப்பையெல்லாம் இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போனபோது புல்டோசர்க்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு மரம் நின்னுச்சே, எங்கய்யா?"

"எந்த மரம்ணே? காலையிலேர்ந்து நாப்பது மரம் சாச்சிருக்கோம்."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? பொய் சொன்னவன் நான்.

பிள்ளை போன தேதி வந்தது. அந்தத் தேதியில் மனைவி அங்கே போய் உட்காராத வருஷமே இல்லை. கம்பி வேலிக் கதவில் வாட்ச்மேன் தயங்கினார். "பத்து நிமிஷம்தான்கா. கேமரா இருக்கு."

"எம்புள்ளையப் பாக்க எனக்கே டைம் போடுறியா?" என்று உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். கண்ணுக்கெட்டிய தூரம் பலகைகள், எல்லாம் ஒரே மாதிரி.

"எங்கங்க?"

"ஏழாவது வரிசை." சனியன் பிடித்த வாய், அதுவாகச் சொன்னது.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியாமலா? நாலாவது கம்பத்துக்கிட்ட."

எண்ணிக்கொண்டே போனாள். பலகைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து சரளைக்கல்லை ஒதுக்கி, மண்ணைத் தடவினாள். "நல்லவேளை, நிழலாத்தான் இருக்கு. அவளுக்கு வெயிலே ஆகாது" என்றாள். அழுதாலும் முகத்தில் ஒரு நிம்மதி.

"அப்பா வந்திருக்காரு பாருடி" என்று மண்ணிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? பேசுங்க" என்றாள்.

எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவதென்று தெரியவில்லை. அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தே, "அப்பா வந்திருக்கேன்மா" என்றேன்.