ஓரத்தில் வெளுத்த ஏடு

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இராயப்பன் இருபது வருடமாகக் கவ்வாத்து வெட்டுகிறவன். வெட்டிய தேயிலைச் செடியின் வாதுகளில் படர்ந்த பாசியைச் சாக்குத் துண்டால் சுரண்டிவிட்டால்தான் தளிர் வெடிக்கும் என்பது அவன் கைக்குப் பாடம். எண்பத்திரண்டாம் வருடம் அந்தக் கைதான் பெண்சாதி றோசலினின் காலைக் கெடுத்தது.

கவ்வாத்தில் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை அடுப்புக்குப் பொறுக்கப் போனவளின் முழங்காலுக்குக் கீழே, வெட்டுப்பட்ட அடிக்கட்டை ஒன்று உள்ளங்கை அகலத்துக்குத் தோலை உரித்துவிட்டது. ஆறு வாரமாகியும் புண் மூடவில்லை. தினமும் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இராயப்பன் வெந்நீரில் துணியை நனைத்து, புண்ணின் ஓரத்தில் படிந்த வெளுத்த ஏட்டைத் தேய்த்தெடுத்தான். பாசி போகாமல் எப்படி ஆறும்? அவளோ, தன் மனுசனைப் போல யார் பார்ப்பார்கள் என்று லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா இராசம்மாவிடம் பெருமை பேசினாள். தன் ரத்தம்தான் கெட்டுப்போச்சு என்று மாதாவிடம் அழுதாள்.

கடைசியில் தோட்டத்து மருந்துக்காரர் அமிர்தநாதனிடம் கூட்டிப்போனான். யார் கழுவுவது என்று அவர் கேட்க, இராயப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் வேலையைச் சொன்னான். அவர் அவனை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"அது பாசியில்ல இராயப்பா. புதுத் தோலு."

ரத்தத்திலிருந்து வருகிற ஒரு புரதம் பசைபோலப் புண்ணில் படியுமாம். ஓரத்துத் தோலின் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் அந்தப் பசையைப் பற்றிப் பற்றி நடுவை நோக்கி நகருமாம். புண்ணை மூடிய பிறகுதான் கெட்டியாக ஒட்டுமாம். அதுவரை ஓர் ஈரத்துணி போதுமாம், பிய்த்தெடுக்க.

"நீ பிடிமானத்தையும் சுரண்டிட்ட, புடிச்சதையும் சுரண்டிட்ட."

மருந்தெண்ணெய்த் துணியால் மூடி, மூன்று நாளைக்கொருமுறை பிரித்தால் போதும் என்றார். அவளிடம் சொல்லவேண்டாம், மனசு ஒடிந்துபோவாள் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் றோசலின் அவன் தோளில் சாய்ந்து நடந்தாள். தன் உடம்புக் கோளாறால் அவனுக்குத்தான் வீண் சிரமம் என்றாள். மருந்துக்காரர் சொன்னபடி அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவளை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"மொத நாளே வலிக்குதுன்னு சொன்னேனேங்க. வலிச்சாத்தான் ஆறும்னீங்க."



மூன்றாம் நாள் கட்டுத்துணியைப் பிரிக்க இராசம்மாவைக் கூப்பிட்டாள். ஓரத்தில் நூலளவு வெளுப்பு உள்ளே வந்திருந்தது. பார்க்கக் குனிந்தான் இராயப்பன்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் றோசலின்.

தள்ளி நின்றான்.